மடக்கு வீட்டுக்கு வண்டி பார்த்தவர்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டும் இரண்டு மூன்று கடுதாசியும்தான். மறதியும் சேர்ந்துகொண்டது. முன்னே நடந்ததைப் பின்னே எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறந்து பழக்கம் இல்லாதவள் நான். அதனால் இத்தனை காலம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை எழுத்தில் இறக்கிவிடப் பார்க்கிறேன்.

அவர் எங்களுக்கு எதிர் வீடு. சொந்தம் இல்லை. ஆனாலும் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன், அவர் சம்சாரத்தை அண்ணி என்பேன். பெயர் வேண்டாம்.

விக்கிரமங்கலத்தைச் சுற்றி யார் மாடு வாங்கினாலும் அவரைக் கூட்டிக்கொண்டுதான் சந்தைக்குப் போவார்கள். மாட்டைத் தொடுவதற்கு முன்னால் மூன்று சுற்றுச் சுற்றுவார். முதல் சுற்றில் நடை, இரண்டாவதில் நிற்கும் விதம், மூன்றாவதில் சுழி. மாட்டின் உடம்பில் மயிர் சுழித்திருக்கும் இடத்தைத்தான் சுழி என்பது. இந்த இடத்தில் இருந்தால் குடும்பம் விளங்கும், அந்த இடத்தில் இருந்தால் வாங்கியவன் வீதிக்கு வருவான் என்று ஒவ்வொன்றுக்கும் பெயரும் பலனும் உண்டு. எல்லாம் பார்த்து முடித்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வேண்டாம்" என்பார்.

அவர் வேண்டும் என்று சொன்ன மாட்டை நான் கண்டதில்லை. மற்றவர்கள் விவரமானவர்கள். அவர் எந்த மாட்டுக்குக் குறைவாகக் குற்றம் சொல்கிறாரோ அதை வாங்கிவிடுவார்கள். இப்படி ஊருக்கெல்லாம் மாடு பார்த்தவர் வீட்டில் மாடு கிடையாது. மனசுக்குப் பிடித்த ஜோடி அமையவே இல்லை. உழவு நாளில் எங்கள் மாட்டை இரவல் கேட்டு வருவார். எங்கள் மாட்டுக்கு அவர் கண்ட குற்றம் ஏழு. ஏழையும் சொல்லிவிட்டுத்தான் ஓட்டிக்கொண்டு போவார்.

மாடு மட்டும் இல்லை. நாற்காலியை ஆட்டிப் பார்க்காமல் உட்காரமாட்டார். கத்தரிக்காய்க் கூடையில் கடைசிக் காய் வரைக்கும் புரட்டிவிட்டு, வெண்டைக்காய் வாங்கிக்கொண்டு வருவார். கல்யாணத்திலும் அப்படித்தான் என்று அண்ணி சொல்வார்.

"பதினோரு பொண்ணு பாத்துட்டு எங்க வூட்டுக்கு வந்தாரு. ரெண்டு மாசமா பதில் இல்ல. எங்க அப்பாவுக்குக் கோவம் வந்து, பொண்ணு கெடையாதுன்னு சொல்லி வுட்டாரு. சொன்ன மறுநாளு இவருக்கு என்னையப் புடிச்சுப்போச்சு."

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் நெருப்பு. சந்தையில் சில வியாபாரிகள் கெட்ட சுழியின் மேல் சூடு வைத்து, மயிரைக் கருக்கி மறைத்துவிடுவார்கள். அதை அவர் விரல் நுனியில் கண்டுபிடித்துவிடுவார். "ஆண்டவன் எழுதுனத இவன் அழிக்கிறான். இவன் தலையெழுத்த யாரு அழிக்கிறது" என்பார். அப்படிச் செய்தவன் வீட்டில் தண்ணீர் குடிக்கமாட்டார். அண்ணியின் தம்பி ஒருமுறை அப்படி ஒரு காளையை விற்றுவிட்டான். சொந்த மைத்துனன். அவன் வீட்டு வாசலைப் பன்னிரண்டு வருஷம் அவர் மிதிக்கவில்லை. அண்ணியும் அழுது பார்த்து விட்டுவிட்டார்.

இப்போது வெட்கமான ஒன்றைச் சொல்ல வேண்டும். அண்ணிக்குக் கடைசிப் பிரசவத்துக்குப் பிறகு சிறுநீரை அடக்க முடியாது. ஒரு மணி நேரம் தாங்கினால் பெரிது. மகளுக்குச் சுகப்பிரசவம் ஆனால் மாசி மகத்தில் கடலில் வந்து முழுகுகிறேன் என்று வேண்டிக்கொண்டிருந்தார். குழந்தை நல்லபடியாகப் பிறந்து, தவழ்ந்து, நடக்கவும் ஆரம்பித்துவிட்டது. தரங்கம்பாடிக்குப் போக ஒரு மாசியில் அண்ணனும் அண்ணியும் பஸ் ஏறினார்கள். எங்கள் பக்கமாக இருந்தால் சாலை ஓரம் முழுக்கக் கருவேலம் புதர், யாரும் பார்க்கமுடியாது. தா.பழூர் தாண்டி அணைக்கரைப் பாலமும் தாண்டிவிட்டால் கண்ணுக்கு எட்டிய வரை வயல்தான். ஓர் ஆட்டுக்குட்டியை மறைக்கக்கூடச் செடி கிடையாது. அண்ணி தவிக்க, அண்ணன் போய்க் கேட்க, கண்டக்டர், "கும்பகோணத்துலதான் நிக்கும், உக்காருங்க பெரியவரே" என்றாராம். பின் சீட்டில் யாரோ சிரித்தார்களாம். அண்ணி, அண்ணனுடைய துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டுதான் கும்பகோணத்தில் இறங்கினார். அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டார்கள். அதன் பிறகு வேண்டுதலைப் பற்றி அண்ணி பேச்சே எடுக்கவில்லை.

அரியலூர்ப் பக்கம் ஒரு நாள் மாடு பார்க்கப் போன அண்ணன், சுண்ணாம்புக்கல் குழிகளுக்கு அருகில் ஒரு அதிசயத்தைப் பார்த்துவிட்டு வந்தார். கல்லாகிப்போன நத்தையைப் பொறுக்க வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள் அல்லவா, அப்படி ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வந்திருந்தார்களாம். அவர்கள் வண்டியின் முதுகில் ஒரு பெட்டி. கயிற்றை இழுத்தால் பெட்டி எழும்பி வீடாக நிற்கிறது. உள்ளே படுக்கை, அடுப்பு, மூலையில் மறைப்பு. அண்ணன் அதையும் மூன்று சுற்றுச் சுற்றிப் பார்த்தாராம். அவர்கள் பயந்துபோய் இவருக்கு ரொட்டி கொடுத்தார்களாம்.

அப்போது அவருடைய மேட்டு நிலம் சுண்ணாம்புக்கல் எடுக்கப் போய்க் கொஞ்சம் பணம் வந்திருந்தது. நேரே பெரம்பலூர் போய், வண்டி விற்கிற கடை வாசலில் நின்ற டீசல் பிக்கப் ஒன்றைக் கயிற்றால் அளந்து, கயிற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டு வந்தார். லாரி போலப் பெரிதும் இல்லை, ஆட்டோ போலச் சிறிதும் இல்லை, நடுவாந்தரமான வண்டி. அந்த முடிச்சுக் கயிற்றை ரெட்டிபாளையம் போகிற வழியில் இருக்கும் வெல்டிங் பட்டறையில் கொடுத்தார். நாற்பது நாளில் மடக்கு வீடு வந்துவிட்டது. இரும்புக் குழாயும் தகரமும் தார்ப்பாயும். கூரையைத் தூக்க எங்கள் பழைய கிணற்றுச் சகடை. ஒரு மூலையில் அண்ணிக்காகத் தகரத் தடுப்பு, அதற்குக் கதவு, கதவுக்குத் தாழ்ப்பாள், உள்ளே மூடி போட்ட வாளி. தாழ்ப்பாளைப் பார்த்து அண்ணி அழுதுவிட்டார்.

வீடு நாற்பது நாள். வண்டிதான் நாலு வருஷம்.

அளவெடுத்த அதே வண்டியை வாங்குவதற்குத்தான் முதலில் போனோம். அண்ணி ஏறி இறங்கிப் பார்க்க வேண்டும் என்றார் அண்ணன். அண்ணிக்குத் துணையாக நான். அண்ணி முந்தின நாள் மத்தியானத்திலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. வாடகைக் காரைப் புதருக்குப் புதர் நிறுத்திப் பெரம்பலூர் போய்ச் சேர்ந்தோம். கடையில் டை கட்டின ஆள் ஒருவர் ஓடி வந்து, "உக்காருங்க அய்யா, காபி சாப்பிடுறீங்களா" என்றார்.

"வண்டிய நடக்க வுடுங்க" என்றார் அண்ணன்.

"ஓட்டிப் பாக்கணுமா?"

"நான் பாக்கணும். எந்தக் கால மொதல்ல எடுத்து வெக்கிதுன்னு தெரியணும்."

"நாலு சக்கரமும் ஒண்ணாத்தாங்க சுத்தும்."

"சுத்தும். நாலும் இழுக்குமா?"

"இல்லங்க, பின்னால ரெண்டுதான் இழுக்கும்."

"அப்ப முன்னால ரெண்டும் சும்மா கூட வருதா?" அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

முன் மூடியைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டு, காதை வைத்துக் கேட்டார். "நின்ன எடத்துலயே இப்படி இரைக்குதே. ஏத்தத்துல என்ன செய்யும்?"

"டீசல் வண்டி அப்படித்தாங்க இருக்கும். இழுவை நல்லா இருக்கும்."

அண்ணியை முன் சீட்டில் ஏற்றினார், இறக்கினார். வலது கால் வைத்து ஒரு முறை, இடது கால் வைத்து ஒரு முறை. பையோடு ஒரு முறை. ஆறாவது முறை அண்ணி நின்றுவிட்டார். "ஏங்க, எனக்கு வண்டி பாக்குறீங்களா, வண்டிக்கு என்னையப் பாக்குறீங்களா?"

எனக்கு ஆச்சரியம், அன்றைக்கு அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. தோள் துண்டை எடுத்தார். டை கட்டினவரின் வலது கையைப் பிடித்து, அதன் மேல் துண்டைப் போட்டு மூடி, உள்ளே அவர் விரல்களை ஒவ்வொன்றாக அமுக்கினார். மாட்டுச் சந்தையில் விலை பேசுவது அப்படித்தான், அடுத்தவர் காதில் விழாது. அந்த ஆளுக்கு அது தெரியாது. முகம் வெளுத்துப்போய், "அய்யா, கைய வுடுங்க. வெலை போர்டுலயே எழுதியிருக்கு" என்றார்.

"ஊருக்கே தெரியற வெலை ஒரு வெலையா?"

"அய்யா, எல்லாரும் பாக்குறாங்க."

கையை விட்டார். போர்டு விலைக்கே சம்மதித்தார். முன்பணம் கொடுக்கப் போகும் முன்னால், வெயில் சாய்ந்திருக்கிறது, கடைசியாக ஒரு சுற்று என்று வெளியே போனார். அது மூன்றாவது சுற்று. இடது பின் சக்கரத்துக்கு மேலே குனிந்தவர் நிமிரவே இல்லை. நானும் போய்ப் பார்த்தேன். சாய்வெயிலில் பெயின்ட்டுக்குள் ஏதோ வட்டம் மாதிரி தெரிந்தது, தலையைத் திருப்பினால் தெரியவில்லை. துணி வைத்துத் துடைத்த தடமாக இருக்கும் என்று நினைத்தேன். அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"வேண்டாம்."

காரில் திரும்பி வரும்போது அண்ணி கேட்டுக்கொண்டே வந்தார். ஊர் எல்லையில்தான் பதில் வந்தது.

"பெண்டிழந்தான் சுழி."

அந்தச் சுழி இருக்கிற மாட்டை வாங்கியவனுக்குப் பெண்டாட்டி தங்கமாட்டாள் என்று சொல்வார்கள். மாட்டுக்குச் சரி. தகரத்துக்கும் உண்டா என்று அண்ணி கேட்கவில்லை. அன்றைக்கு அவருக்குத் தாகம்.

பிறகு பார்த்த வண்டிகளுக்குக் கணக்கில்லை. ஒரு வண்டியில் சக்கரத்தின் மேடு உள்ளே துருத்திக்கொண்டு மடக்கு வீட்டை இடித்தது. ஒன்றில் முன்னால் இரண்டு பேர்தான் உட்காரலாம். ஒன்றின் முகத்தில் அறிவு இல்லை. ஒன்று எல்லாப் பொருத்தமும் சரியாக இருந்தது, அதனாலேயே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அரசாங்கம் பெரம்பலூரிலிருந்து அரியலூரைப் பிரித்துத் தனி மாவட்டமாக்கியது. அப்புறம் அதற்கு மனசு மாறி மறுபடி சேர்த்துக்கொண்டது. மாவட்டத்தையே பிரித்துச் சேர்த்த அந்தக் காலத்துக்குள் இவரால் ஒரு வண்டியைத் தீர்மானிக்க முடியவில்லை.

ஆனால் வியாபாரம் ஆனது. அவர் ஒரு வண்டிக்கு மூன்று குற்றம் மட்டும் சொன்னார் என்றால், அதை வாங்க அரியலூரிலிருந்து ஆள் போய்விடும். கொஞ்ச நாளில் டை கட்டினவரே போன் போட ஆரம்பித்தார். "அய்யா, புது வண்டி எறங்கியிருக்கு. ஒரு எட்டு வந்து வேண்டாம்னு சொல்லிட்டுப் போங்க." இவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போவார்.

முதலில் பார்த்த அந்தச் சுழி வண்டியைப் பெரம்பலூர்ப் பக்கத்து வெங்காய வியாபாரி ஒருவர் வாங்கினார். வாரா வாரம் எங்கள் சந்தைக்குச் சின்ன வெங்காயம் கொண்டுவருவார். அவருக்கு மனைவி முன்பே தவறிவிட்டதால் சுழி ஒன்றும் செய்யாது என்று அண்ணனே ஒத்துக்கொண்டார். இருந்தாலும் சந்தை அன்றைக்கு அந்த வண்டி எங்கள் தெருவில் வந்தால், வாசலில் இருக்கிற அண்ணியை உள்ளே போகச் சொல்வார்.

மடக்கு வீடு கொல்லையில் கிடந்தது. வெள்ளிக்கிழமை தோறும் சகடைக்கு எண்ணெய் விட்டு, தூக்கி இறக்கிப் பார்ப்பார். கோழி அதில் முட்டையிட்டது. தாழ்ப்பாள் மட்டும் புதிது போலப் பளபளவென்று இருந்தது.

நாலாவது மாசி வந்தது. சந்தை அன்று அண்ணி என்னிடம், "கூட வா, எனக்குத் தனியாப் பேச வராது" என்றார். எனக்கு அதைவிட வராது. இருவரும் போய் வெங்காயக் கடை முன்னால் நின்றோம். அண்ணி நேராகக் கேட்டுவிட்டார். "நாளன்னிக்கு மகம். உங்க வண்டி தரங்கம்பாடிக்கு வருமா?"

வியாபாரி யோசித்தார். "அண்ணன் என் வண்டியில ஏறுவாரா?"

"நான் ஏறுறேன்."

மகத்துக்கு முந்தின நாள் விடிகாலையில் வண்டி வந்தது. தெருக்காரர்கள் ஆறு பேர் மடக்கு வீட்டைத் தூக்கி வைத்தார்கள். நாலு வருஷமாக எந்த வண்டியிலும் பொருந்தாதது, அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரி போய் உட்கார்ந்தது. அண்ணன் வயலிலிருந்து அப்போதுதான் வந்தார். கையில் மண்வெட்டி.

"இந்த வண்டியிலயா?"

"ஆமா" என்றார் அண்ணி.

"அதுல என்ன சுழி இருக்குன்னு தெரியுமுல்ல?"

"தெரியும். பெண்டாட்டிய எழக்கிறது நீங்க. எனக்கென்ன வந்துச்சு?"

தெருவே சிரித்தது. வெங்காய வியாபாரி சமாதானமாக, "மூணு வருசமா இதுல ஓடுறேன். எனக்கு ஒண்ணும் ஆவலயே அண்ணே" என்றார்.

"ஒமக்குப் போறதுக்கு என்னய்யா மிச்சம் இருக்கு?"

அண்ணி என்னையும் இழுத்துக்கொண்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். "இந்த மாசியும் போச்சுன்னா நான் வாய தொறந்து கேக்கமாட்டேன். நீங்க வர்றதுன்னா ஏறுங்க. மூணு சுத்து சுத்துனீங்கன்னா நாங்க போயிட்டே இருப்போம்."

அவர் சுற்றவில்லை. மண்வெட்டியை எங்கள் வாசலில் சாத்திவிட்டுப் பின்னால் ஏறினார். மடக்கு வீட்டுக்கும் வண்டியின் பக்கப் பலகைக்கும் நடுவில் ஒடுங்கி, இடது பக்கமாக உட்கார்ந்தார். வழி நெடுக ஒரு கையை வெளியே தொங்கப்போட்டு, சக்கரத்துக்கு மேலே அந்த இடத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டே வந்தார். கண்ணாடியில் எனக்கு அந்தக் கை தெரிந்தது.

அணைக்கரை தாண்டி, செடி இல்லாத வயல்வெளியில் அண்ணி நிறுத்தச் சொன்னார். வியாபாரி இறங்கி, வயலைப் பார்த்துத் திரும்பி நின்று பீடி பற்றவைத்தார். அண்ணன் கயிற்றை இழுத்தார். கிறீச்சென்று சகடை சுற்றி வீடு எழும்பியது. அண்ணி உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்ட சத்தம் கேட்டது. அப்போது கும்பகோணம் பஸ் ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. ஜன்னல் எல்லாம் தலை. அண்ணன் கயிற்றைப் பிடித்தபடி அந்த பஸ் மறையும் வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி இறங்கி வந்து, "மகராசி மாதிரி இருக்கு. நீயும் போயிட்டு வா" என்றார். நானும் போனேன். அன்றைக்கு நான்கு இடத்தில் வீடு எழும்பி இறங்கியது. வாழ்க்கையில் முதல் தடவையாக நாங்கள் இரண்டு பேரும் பயணத்தில் வயிறு நிறையத் தண்ணீர் குடித்தோம்.

சாயங்காலம் கடல் தெரிந்தது. அண்ணன் கரையோரம் இந்தப் பக்கம் கொஞ்ச தூரம், அந்தப் பக்கம் கொஞ்ச தூரம் நடந்து பார்த்தார்.

"இதச் சுத்திவர முடியாதுங்க. வாங்க" என்றார் அண்ணி.

மறுநாள் விடியும் நேரத்தில் எனக்கு விழிப்பு வந்துவிட்டது. அண்ணி மடக்கு வீட்டுக்குள் என் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். முழுக்குக்கு இன்னும் நேரம் இருந்தது. வண்டிக்குக் கீழே சரக் சரக் என்று சத்தம். தார்ப்பாயை விலக்கிப் பார்த்தேன். அண்ணன் இடது பின் சக்கரத்துக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, ஈர மணலைத் துண்டின் முனையில் முடிந்து, சக்கரத்துக்கு மேலே தேய்த்துக்கொண்டிருந்தார். பெயின்ட் போய்த் தகரம் வெள்ளையாகத் தெரிந்தது. அவர் நிறுத்தவில்லை. விரல் நுனியால் தடவிப் பார்ப்பார், மறுபடி தேய்ப்பார். சுழி சுட்டவன் வீட்டில் தண்ணீர் குடிக்காத மனிதர்.

தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டார்.

"உப்புக் காத்து. பெயின்ட்ட அரிக்கும். தொடச்சு வெக்கிறேன்" என்றார்.

பிறகு, "தங்கச்சி, அண்ணிக்குத் தெரிய வேண்டாம்" என்றார். தலையை ஆட்டினேன். அவர் போய்க் கடலில் கையையும் துண்டையும் கழுவினார். பிறகு அண்ணியை எழுப்பி, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் மூன்று முழுக்குப் போடவைத்தார்.

வெங்காய வியாபாரி அதை ஊர் திரும்பின பிறகுதான் பார்த்தார். நாலு சந்தைக்கு, "எந்தக் களவாணி சொரண்டுனான்" என்று எங்கள் தெருவில் நின்று திட்டினார். அண்ணன் வீட்டுக்குள் உட்கார்ந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். அண்ணி வேடிக்கையாக, "இப்பப் போயி சுழியப் பாருங்க, இருக்கான்னு" என்று கேட்டதற்கு, "கண்ணு மங்கிப்போச்சு" என்றார்.

வண்டி அவர் கடைசி வரை வாங்கவில்லை. ஒவ்வொரு மாசிக்கும் அந்த வெங்காய வண்டிதான் வந்தது. மாடு பார்க்கக் கூப்பிட்டால் போவார். ஆனால் இரண்டு சுற்றோடு நிறுத்திக்கொண்டார். மூன்றாவது சுற்று ஏன் இல்லை என்றால் முட்டிவலி என்பார். அந்த வருஷம் சித்திரையில், யாரும் கூப்பிடாமல், நேரே மைத்துனன் வீட்டுக்குப் போய் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு வந்தார். அண்ணிக்குச் சந்தோஷத்தில் கை கால் ஓடவில்லை. என்ன ஆயிற்று இவருக்கு என்று என்னிடம் வந்து கேட்டார். எனக்குத் தெரியும். தெரியாது என்று சொன்னேன்.

அவர் போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிறது. அண்ணி இருக்கிறார்.

நான் எழுதியதில் பிழை இருக்கும். பெண்டிழந்தான் சுழி மாட்டுக்கு எந்த இடத்தில் வரும் என்று தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். எனக்கு நினைவில்லை. அரியலூரைப் பிரித்தது, சேர்த்தது எந்தெந்த வருஷம் என்பதையும் யாராவது சரிபார்த்துப் போடுங்கள். அந்த வெங்காய வண்டி இன்னும் ஓடுகிறது என்று சொல்கிறார்கள். சந்தைப் பக்கம் போனால் இடது பின் சக்கரத்துக்கு மேலே பாருங்கள். உள்ளங்கை அகலத்துக்குத் துரு இருந்தால் நான் சொன்னது நிஜம். அண்ணியிடம் மட்டும் கேட்க வேண்டாம். அவருக்குப் படிக்கத் தெரியாது. நீங்கள் யாரும் படித்துக் காட்டாமல் இருந்தால் போதும்.